கிழக்கே பார்த்த இறக்கைகள்

நத்தக்காட்டூர்க்காரர்களைக் கேலி பேசக் கூடாது, பாவம். அவர்கள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. கெடுதல் செய்யவும் கொஞ்சம் புத்தி வேண்டுமே. ஊர் நடுவில் இருக்கும் குழாயில் ‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்று யாரோ எழுதிவைத்துவிட்டுப் போக, ஒரு கோடை முழுக்க அந்தக் குழாயைத் திறக்காமல் பக்கத்து ஊரிலிருந்து குடம் சுமந்தவர்கள் அவர்கள். சேமித்த தண்ணீர் எங்கே என்று கேட்டால், குழாய்க்குள்ளே பத்திரமாக இருக்கிறது என்பார்கள்.

அந்த ஊரில் மருதாசலம் என்று ஒரு தேங்காய் வியாபாரி. அவருக்கு இரண்டு சொத்து. ஒன்று தென்னந்தோப்பு, இன்னொன்று மீசை. தோப்புக்கு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டார். மீசைக்குத் தினமும் விளக்கெண்ணெய் விட்டார். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக் கடைவீதியில் நடந்தால் எதிரே வருகிற சைக்கிள் ஒதுங்கி நிற்கும். பிரேக் பிடிக்காத சைக்கிள்கள் கூட ஒதுங்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த மீசைக்குத்தான் ஆபத்து வந்தது. மாமனார் ஊரான சீரங்கவலசில் கோயில் கும்பாபிஷேகம். அந்த ஊர்க்காரர்கள் ஹெலிகாப்டரை வாடகைக்குப் பிடித்து வந்து, கோபுரத்தின் மேல் பூமாரி பொழிய வைத்தார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மருதாசலத்தின் மீசை மேலேயே ஒரு கனகாம்பரம் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற மச்சினன் சென்னியப்பன் அதை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு கேட்டான்:

“என்னுங்க மச்சான், உங்கூரு கோபுரத்து மேல காக்கா மட்டுந்தான் பறக்குமாட்ட இருக்குது?”

மருதாசலத்துக்குச் சுருக்கென்று தைத்தது. சுற்றிலும் சொந்தபந்தம் எல்லாம் நின்று சிரிக்கிறது.

“வார தை மாசம் எங்கூருலயும் கும்பாபிசேகம் இருக்குது மாப்ள. வானத்துல இருந்து எங்கம்மன் கோபுரத்து மேல பூ விழுகும். விழுகலீன்னா இந்த மீசைய உன் கையாலயே வழிச்சுப்போடு.”

சொல்லி முடித்து வீட்டுக்கு வந்து சோறு உண்ணும்போதுதான், வானத்திலிருந்து பூ விழ வேண்டுமென்றால் பூ முதலில் வானத்துக்குப் போக வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. அன்று இரண்டாவது சோறு கேட்கவில்லை.

மறுநாள் மாகாளியம்மன் கோயிலில் திருப்பணிக் குழு கூடியது. குழு என்றால் மருதாசலத்தோடு சேர்த்து நாலு பேர். தலைவர் பொங்கியண்ணன் ஆயுசெல்லாம் காளை வளர்த்தவர். உலகத்தில் எதைச் சொன்னாலும் மாட்டை வைத்துத்தான் அவருக்குப் புரியும். ஆறுக்குட்டி சைக்கிள் கடைக்காரர். ஊரிலேயே ஸ்பேனர் வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் அவர்தான் இன்ஜினியர். நாச்சிமுத்து கேள்வி கேட்பவர். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை.

“நாமளும் ஹெலிகாப்டர வாடகைக்குப் புடிக்கலாமுங்க,” என்றார் மருதாசலம்.

“வாடகை வண்டி பூவப் போட்டுப்போட்டுப் போயிரும். அதுக்கப்பறம் வானம் சும்மாதான கெடக்கும்?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் சும்மாதான் கிடந்தது. சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவானது.

கோயமுத்தூரில் சுந்தரவதனம் என்ற பெரியவர் ஒரு கைரோ விமானம் வைத்திருந்தார். மூன்று சக்கரம், ஒரு இருக்கை, மேலே கூரை கிடையாது. இருக்கைக்குப் பின்னால் எஞ்சினும் காற்றாடியும். தலைக்கு மேலே ஒரு கம்பத்தில் இரண்டு நீள இறக்கைகள், சீலிங் ஃபேனில் ஒரு இலை குறைந்தாற்போல. முழங்கால் வலியால் அவரால் ஏறி இறங்க முடியவில்லை என்று அதை விற்றார். இறக்கைகளைத் தனியே கழற்றி, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு நத்தக்காட்டூருக்கு அவரே வந்தார்.

பறக்க அனுமதி வாங்க வேண்டாமா என்று நாச்சிமுத்து கேட்டதும், குழு அம்மனிடம் பூவாக்குக் கேட்டது. வலது பக்கம் பூ விழுந்தால் சம்மதம் என்று அர்த்தம். அம்மனின் வலது தோளிலிருந்து ஒரு செவ்வரளி விழுந்தது. அதற்கு மேலே கேட்க ஆபீஸ் எது இருக்கிறது?

சுந்தரவதனம் நாலு பேரையும் நிற்க வைத்துப் பொறுமையாகச் சொன்னார்:

“இந்த வண்டியில எஞ்சின் பின்னால இருந்து தள்ள மட்டுந்தான் செய்யும். மேல இருக்கற றெக்கையச் சுத்தறது காத்து. வண்டி ஓட ஓடக் காத்தே சுத்திவிட்டுரும், நீங்க யாரும் கை வெக்க வேண்டாம். உசுரு இருக்கறது அந்த ரெண்டு றெக்கையிலதான். பச்சக் கொழந்தையாட்டம் பாத்துக்கோணும், தரையில போடவே கூடாது. ரெண்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கக் கூடாது. மாட்டுனதுக்கு அப்பறம் இந்த நுனியில இருந்து அந்த நுனிக்கு நூல் புடிச்சா, நூலு நடு போல்ட்டு மேல போகோணும். சுத்தறப்ப ரெண்டும் ஒரே தடத்துல போகோணும். அவ்வளவுதான். புரிஞ்சுதுங்களா?”

“புரிஞ்சுதுங்க,” என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில். மனிதர் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

தானே இருந்து மாட்டிக்கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லிப் பார்த்தார். எங்களூரில் இன்ஜினியர் இருக்கிறார் என்று பொங்கியண்ணன் ஆறுக்குட்டியைக் காட்டினார். ஆறுக்குட்டி ஸ்பேனரைக் காட்டினார். சுந்தரவதனம் ஒரு பெருமூச்சு விட்டு, மருதாசலத்துக்கு வண்டியைத் தரையில் ஓட்ட மட்டும் கற்றுக்கொடுத்து, மீதியைக் கோயமுத்தூர் வந்து கற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். மீதி என்றால் பறப்பது. வண்டி கைக்கு வந்த பிறகு அதற்காக ஒரு ஆள் கோயமுத்தூர் வரை போவானா என்ன? ஒருவரும் போகவில்லை.

இறக்கைகள் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் நீளம், ஒரு சாண் அகலம். லாரியிலிருந்து இறங்கிய பிறகு அவை தரையையே தொடவில்லை. பச்சைக் குழந்தை அல்லவா? வேப்ப மரத்துக்கும் புளிய மரத்துக்கும் நடுவே, மருதாசலத்தின் மனைவி பூவாத்தாளின் சேலைகளை முடிச்சுப்போட்டுத் தூளி கட்டினார்கள். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டினார்கள். சாம்பிராணி காட்டினார்கள். கண்ணேறு படாமல் இருக்க ஆளுக்கொரு மைப்பொட்டு வைத்தார்கள். நாச்சிமுத்து தூளியை ஆட்டித் தாலாட்டுப் பாடினார். அவர் குரலுக்கு நிஜக் குழந்தையாக இருந்திருந்தால் எழுந்து ஓடியிருக்கும்.

“தூங்கிருச்சுங்களா?” என்று கேட்டார் கொஞ்ச நேரம் கழித்து.

“கண்ணு இருந்தாத்தான மூடியிருக்குதான்னு தெரியும்?” என்றார் ஆறுக்குட்டி.

“அழுகலீல்ல? அப்பத் தூங்கிருச்சு,” என்று பொங்கியண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் விடிந்தும் ஒருவரும் தூளியைத் தொடவில்லை. தூங்குகிற குழந்தையை எழுப்பினால் சீக்கு வரும் என்றார்கள். மருதாசலம் மீசையைத் தடவுவதும் காலண்டரைப் பார்ப்பதுமாக நின்றார். அவருக்கும் எழுப்ப மனசில்லை. பொழுது உச்சிக்கு வந்தபோது பூவாத்தாள் வந்து, “என் சீலையக் குடுக்கறீங்களா, இல்ல நானே உருவட்டுமா?” என்று கேட்ட பிறகுதான் குழந்தைகள் இரண்டும் எழுந்துகொண்டன.

அடுத்தது மயிரிழை. ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இருக்கக் கூடாது என்றால், அளந்து பார்க்க மயிர் வேண்டுமே? தலைமயிர் வளைந்தது. காளையின் வால்மயிரை எடுக்கலாம் என்றார் பொங்கியண்ணன், ஆனால் காளை சம்மதிக்கவில்லை. நல்ல விறைப்பான மயிர் ஊரிலேயே ஒரு இடத்தில்தான் இருந்தது. மூன்று பேரும் மருதாசலத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

“சாமி காரியமுங்க,” என்றார் ஆறுக்குட்டி, குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டே.

மருதாசலம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வலது பக்கத்திலிருந்து ஒன்று பிடுங்கப்பட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, வலியால் மட்டுமல்ல. ஆறுக்குட்டி அந்த மயிரை ஒரு இறக்கையின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். உடனே நாச்சிமுத்து கேட்டார்:

“இந்த றெக்கையில ஒரு மயிரு இருக்குது. அந்த றெக்கையில இல்ல. இப்ப ஒரு மயிரிழை வித்தியாசம் வந்துருச்சில்லீங்களா?”

எல்லோருக்கும் திக்கென்றது. நல்லவேளை கண்டுபிடித்தோம் என்று இடது பக்கத்திலிருந்து இன்னொன்றைப் பிடுங்கி மற்ற இறக்கையில் வைத்தார்கள். அது கொஞ்சம் நீளமாக இருந்தது. நறுக்கினார்கள், குட்டையாகிவிட்டது. வேறு பிடுங்கினார்கள். இப்படியே போய், கடைசியில் இரண்டு இறக்கையிலும் ஆளுக்கொரு மயிரைக் கோந்து போட்டு ஒட்டி, வித்தியாசமே இல்லை என்று திருப்தியானபோது, மருதாசலத்தின் மீசை எலி கடித்த துடைப்பம் மாதிரி ஆகியிருந்தது. காப்பாற்ற வேண்டிய மீசையையே செலவு செய்து மீசையைக் காப்பாற்றுகிறோமே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அது புத்தியான எண்ணம் என்பதால் அங்கே நிற்காமல் போய்விட்டது.

பிறகு கம்பத்தின் உச்சியில் இறக்கைகளை மாட்டினார்கள். ஆறுக்குட்டி ஏணியில் ஏறி, ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நூல் பிடித்தார். நடு போல்ட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போனது நூல். புத்தியுள்ளவன் போல்ட்டைத் தளர்த்தி இறக்கையைக் கொஞ்சம் நகர்த்துவான்.

“என்னுங்க இன்ஜினியரே?” என்று கீழே இருந்து பதறினார் மருதாசலம்.

“றெக்கையில தப்பு இல்லீங்க. நூலுதான் வழி தெரியாம போகுது,” என்றார் ஆறுக்குட்டி. நூலைக் கட்டைவிரலால் இழுத்துப் போல்ட்டு மேல் வைத்து அழுத்திக்கொண்டார். “இப்பப் பாருங்க.”

நூல் போல்ட்டு மேலேயே போனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

“விரல எடுத்தீங்கன்னா?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

ஆறுக்குட்டி விரலை எடுத்தார். நூல் பழைய இடத்துக்கே போய்விட்டது. கும்பாபிஷேகம் முடியும் வரை ஆறுக்குட்டி ஏணியிலேயே நிற்பதா, ஏணியையும் சேர்த்துப் பறக்கவிடுவதா என்று ரொம்ப நேரம் பேசினார்கள். பிறகு பொங்கியண்ணன் சொன்ன யோசனைப்படி, முரண்டு பிடிக்கிற கன்றைக் கட்டுகிற மாதிரி நூலைப் போல்ட்டோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். அதன் பிறகு அது நகரவே இல்லை.

வேலை முடிந்தது என்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது பொங்கியண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். முகம் மாறிவிட்டது.

இறக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு விளிம்பு தடியாக உருண்டிருக்கும், மறு விளிம்பு மெலிந்திருக்கும். தடித்த விளிம்புதான் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போவது. வண்டி நின்ற நிலையில் ஒரு இறக்கையின் தடித்த விளிம்பு கிழக்கே பார்த்தது, மற்றதன் விளிம்பு மேற்கே பார்த்தது. வட்டம் சுற்றுகிற எதுவும் அப்படித்தான் இருக்கும். நத்தக்காட்டூரில் வீட்டுக்கு வீடு சீலிங் ஃபேன் உண்டு. ஆனால் அதன் கீழே மல்லாந்து படுத்தவர்கள் யாரும் கண்ணைத் திறந்து வைத்திருந்ததில்லை.

“ஒத்த நொகத்தடியில ரெண்டு மாட்டப் பூட்டறோம்,” என்றார் பொங்கியண்ணன், இறக்கைகளைக் காட்டி. “ஒண்ணு கெழக்கால பாக்குது. ஒண்ணு மேக்கால பாக்குது. வண்டி எந்தப் பக்கம் போகும்?”

“நடுவால பிஞ்சு போகுமுங்க,” என்றார் ஆறுக்குட்டி.

“இது ரெண்டும் ஒரே தடத்துல போகுமா?”

“எப்புடிங்க போகும்?”

ஏறி உட்காரப் போகிறவர் என்ற முறையில் மருதாசலத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். “ஏனுங்க தலைவரே, கோயமுத்தூர்க்காரர் போட்டோவுல காட்டுனப்பவும் இப்புடித்தான இருந்துச்சு?”

“அதனாலதான் விக்கறான்,” என்றார் பொங்கியண்ணன்.

இதற்கு மேல் பேச்சில்லை. மேற்கே பார்த்த இறக்கையைக் கழற்றி, அடிப்பக்கம் மேலே வரப் புரட்டி மாட்டினார்கள். இப்போது இரண்டும் ஜோடிக் காளை மாதிரி கிழக்கே பார்த்தன. நாச்சிமுத்து உற்றுப் பார்த்துவிட்டு, “கொழந்த குப்புற விழுந்துருச்சுங்க!” என்று கத்தினார். குப்புற விழுந்த குழந்தைக்கு இனிப்புச் செய்யாமல் விடலாமா? பூவாத்தாளைப் பிடித்துப் பணியாரம் சுடச் சொல்லித் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். விஷயம் தெரியாமல் சாப்பிட்டவர்கள் குழந்தை யார் ஜாடை என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கும்பாபிஷேக நாள் வந்தது. சீரங்கவலசே திரண்டு வந்திருந்தது. சென்னியப்பன் மஞ்சப்பையில் ஒரு சவரக்கத்தியைச் சுற்றி எடுத்து வந்து, சந்திக்கிற எல்லோரிடமும் பிரித்துக் காட்டினான். மருதாசலம் அந்தப் பக்கம் பார்க்காமல் மீசைக்கு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டார். உயிரைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. மீசையில்லாமல் கடைவீதியில் நடப்பதைப் பற்றித்தான் யோசித்தார்.

“புது வேட்டியக் கட்டீட்டு ஏறாதீங்க,” என்றாள் பூவாத்தாள். “விழுந்தா செம்மண்ணுக் கறை போகாது.”

கோயிலுக்குப் பின்னால் கடலைக் காட்டில் வண்டி நின்றது. இருக்கைக்குப் பின்னால், காற்றாடிக்கு முன்னால், மூன்று கூடை நிறையக் கனகாம்பரமும் செவ்வந்தியும். கோபுரத்தின் உச்சியில் குருக்கள் குடத்தோடு நின்றார். மேளம் உச்சத்துக்குப் போனது. மருதாசலம் அம்மனைக் கும்பிட்டு, மிச்சமிருந்த மீசையை ஒரு முறுக்கு முறுக்கி எஞ்சினைப் போட்டார். காற்றே சுற்றிவிடும், யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தபடியால் ஊரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. தாம்பாளம் பிடித்திருந்தவர்கள் கூடத் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டார்கள்.

வண்டி ஓடியது. இறக்கைகள் சுற்றவில்லை. ஒன்று தூக்கப் பார்த்தது, குப்புற விழுந்தது அமுக்கப் பார்த்தது. வேண்டாத சம்பந்தி வீட்டில் உட்கார்ந்தவர்கள் மாதிரி இரண்டும் வேறு வேறு பக்கம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. வண்டி கடலைக் காட்டை ஒரு வட்டம் அடித்து, அன்னதானப் பந்தலுக்குள் புகுந்து, இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டு, மறுபுறம் வந்து சோளத்தட்டுப் போரில் முட்டி நின்றது. பின்னால் இருந்த காற்றாடி மூன்று கூடைப் பூவையும் உறிஞ்சி, பொடிப்பொடியாக்கி, பின்பக்கமாகத் துப்பியது. துப்பிய இடத்தில் சென்னியப்பன் வாயைத் திறந்தபடி நின்றிருந்தான்.

தட்டுப் போரிலிருந்து தலையை நீட்டிய மருதாசலம் முதலில் மீசையைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. பிறகுதான் கை காலைப் பார்த்தார்.

சென்னியப்பன் வாயிலிருந்து செவ்வந்தியைத் துப்பிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான்.

“பூ விழுந்துச்சில்லீங்க?” என்று குறுக்கே வந்தார் நாச்சிமுத்து.

“எம் மூஞ்சியிலதான விழுந்துச்சு?”

“நீங்க கோபுரத்து மேல நின்னிருந்தா கோபுரத்து மேலதான விழுந்திருக்கும்?”

“வானத்துல இருந்து வரலீங்களே, பக்கவாட்டுல இருந்துதான வந்துச்சு?”

“சித்த நேரம் படுத்திருந்தீங்கன்னா மேல இருந்து வந்தாப்பலதான் இருந்திருக்குமுங்க.”

சென்னியப்பன் யோசித்தான். சீரங்கவலசுக்காரர்களும் புத்தியில் பக்கத்து வீடுதான். படுத்துப் பார்த்திருக்கலாமோ என்று அவனுக்கே ஒரு சபலம் வந்தது. அதற்குள் பொங்கியண்ணன் கையைத் தூக்கி வானத்தைக் காட்டினார். கும்பாபிஷேகம் பார்க்க வருகிற கருடன் கோபுரத்துக்கு மேலே நிதானமாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

“எல்லாரும் பாருங்க! கருடனோட ரெண்டு றெக்கையும் ஒரே பக்கந்தான பாக்குது? அப்ப நாம மாட்டுனதுல ஒரு தப்புமில்ல. தப்பு வேற எங்கியோ இருக்குது.”

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்தைப் பார்த்தார், எஞ்சினைத் தட்டினார், கடைசியில் இருக்கையில் இருந்த மருதாசலத்துக்கு முன்னால் வந்து நின்றார். நின்றவர் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

“ஆறுக்குட்டி, இங்க வா! இவன் மீசையப் பாரு. ஒண்ணு கெழக்கால பாக்குது. ஒண்ணு மேக்கால பாக்குது!”

ஊரே வந்து பார்த்தது. உண்மைதான். இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

“றெக்கையச் சரி பண்ணுனமே, ஓட்டறவனச் சரி பண்ணுனமா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார் ஆறுக்குட்டி.

“அப்ப எடுத்துரலாமுங்களா?” என்று சென்னியப்பன் கத்தியை விரித்தான். மருதாசலம் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். இருபது வருஷத்து மீசை. தாலி கட்டும்போது கூட அதில்தான் அவருக்குக் கவனம் இருந்தது.

“நில்லுங்க,” என்றார் நாச்சிமுத்து. “மீசைய எடுத்தா வண்டி பறக்கும். பறந்தா பூ விழுகும். பூ விழுந்தா மீசைய எடுக்கக் கூடாதில்லீங்க?”

“அப்ப எடுக்க வேண்டாம்,” என்றான் சென்னியப்பன்.

“எடுக்காட்டி வண்டி பறக்காது. பறக்காட்டிப் பூ விழுகாது. விழுகாட்டி எடுத்தே ஆகோணும்.”

எல்லோரும் தட்டுப் போரின் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். பந்தலில் சாம்பார் ஆறியது. குருக்கள் இறங்கி வந்து, பிரசாதம் வாங்க ஆள் இல்லாமல் அவரும் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து ஆறுக்குட்டிதான் வழி சொன்னார்:

“பாதிய மட்டும் எடுத்துருவம். மாப்ளைக்குப் பந்தயமும் தீர்ந்துது. மிச்சம் இருக்கற பாதி ஒரே பக்கந்தான பாக்கும்? வண்டிக்கும் குத்தமில்ல.”

இப்படி ஒரு நியாயத்தை அந்த ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. சென்னியப்பன் மச்சானின் தலையைப் பிடித்துக்கொண்டு இடது பக்கத்தை வழித்தான். மருதாசலம் குழந்தை மாதிரி அழுதார். முடிந்ததும் அவரை வடக்கே பார்க்க நிறுத்தி வைத்தார்கள். ஒற்றை மீசை பிசகாமல் கிழக்கே பார்த்தது. கூட்டத்தில் குலவைச் சத்தம் கேட்டது.

வழித்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்ற மருதாசலத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு யோசனை வந்தது. அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“மீசைக்கு ஒத்தப் பக்கம் போதும்னா, வண்டிக்கும் ஒத்த றெக்கை போதுமுங்களே? ரெண்டு இருந்தாத்தான சண்ட?”

பொங்கியண்ணன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆறுக்குட்டி ஸ்பேனருக்கு ஓடினார். குப்புற விழுந்த குழந்தையைக் கழற்றிக் கையில் ஏந்தியபோது சென்னியப்பன் பவ்யமாகக் கேட்டான், “எச்சா இருக்கற அந்த றெக்கைய எங்கூருக்குக் குடுத்தீங்கன்னா, நாங்களும் ஒரு வண்டி பண்ணிக்குவமுங்க.” அக்கா வீட்டுச் சொத்தில் கேட்கிறான், எப்படி மறுப்பது? கொடுத்தார்கள். இரண்டு பக்கம் பார்க்கிற மீசையோடு அதைத் தொடக் கூடாது என்று, அவனும் அதே கத்தியை எடுத்து, தன் மீசையின் வலது பக்கத்தை வழித்துப்போட்டான்.

பாதி மீசைக் கணவனையும் பாதி மீசைத் தம்பியையும் பூவாத்தாள் மாறி மாறிப் பார்த்தாள்.

“போட்டோக்காரன் வந்திருக்கறான்,” என்றாள். “ரெண்டு பேரும் ஒட்டி நில்லுங்க. நல்ல நாளும் அதுவுமா, ஒரு மீசையாவது முழுசா இருக்கட்டும்.”

நின்றார்கள். சென்னியப்பன் நாலு விரல் உயரம் அதிகம். மீசை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டும் ஒரு பக்கம் இறங்கியும் நின்றது. பொங்கியண்ணன் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டு பேரும் அப்புடியே அசையாம இருங்க,” என்று சொல்லிவிட்டு, ஆறுக்குட்டி நூல் எடுத்துவரப் போனார்.